டிரெய்லர் வரிசையில் ஒரு குட்டி ஜெட்

சென்னைக்குப் போகிறேன் என்று சொன்னதும் மலேசியாவில், எங்கள் ஊர் கிள்ளானில், என் தோழிகள் ஆளுக்கொரு புடவைப் பட்டியல் கொடுத்தார்கள். புடவைக் கடைகள் இருக்கும் திசைக்கே நான் போகவில்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டி வடக்கே போகும் ஒரே சாலையில் நான்கு நாள் மேலும் கீழும் அலைந்துவிட்டுத் திரும்பினேன். நான் விற்கப் போனது விமானம்.

இதைச் சொன்னால் யாரும் உடனே நம்புவதில்லை. நான் பல வருடம் மலேசியாவில் மண் தோண்டும் இயந்திரம் விற்றவள். கல் குவாரி முதலாளிகளோடு பேசிப் பேசி எனக்கும் கட்டைக் குரல் ஆகிவிட்டது. ஐரோப்பாவில் புதிதாக ஒரு கம்பெனி குட்டி ஜெட் செய்யத் தொடங்கியபோது, மண்ணிலும் மீனிலும் சம்பாதிப்பவர்களிடம் பேசத் தெரிந்த ஆள் வேண்டுமென்று என்னைப் பிடித்துப் போட்டார்கள். ஆறு பேர் உட்காரலாம், இரண்டு என்ஜின், சின்ன ஓடுபாதையிலும் இறங்கும். நான் அதில் பறந்திருக்கிறேன், நல்ல விமானம். ஆனால் எங்கள் பக்கத்து நாடுகளில் ஒன்றுகூட விற்கவில்லை. பழைய பெரிய கம்பெனிகளின் பெயர் பணக்காரர்களுக்கு மனப்பாடம், எங்கள் பெயரை இரண்டு முறை எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டியிருந்தது.

சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் மேலாளர் கிளம்பும்போது நயமாகத்தான் சொன்னார். இந்த முறையும் கையெழுத்து இல்லாமல் வந்தால் சிங்கப்பூர் ஆபீஸை மூடிவிடுவார்களாம். அவரிடம் சொல்லாத ஒரு கணக்கு எனக்கும் இருந்தது. இந்த ஒன்றை விற்று, கமிஷனை வாங்கிக்கொண்டு, வேலையை விட்டுவிட்டுக் கிள்ளானில் ஓர் இடத்தில் கால் நீட்டி உட்கார்ந்துவிட வேண்டும். விமான நிலைய நாற்காலிகளைப் பார்த்தாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

முதல் நாள் ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் எடுத்த அறையில் பெட்டியை வைத்துவிட்டு நேரே காசிமேட்டுக்கு நடந்தேன். வாடிக்கையாளர் ஸ்டெல்லா அக்கா. மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் ஐஸ் ஃபேக்டரியும், நெல்லூர், பீமாவரம், தூத்துக்குடி என்று மூன்று ஊரில் இறால் பதப்படுத்தும் கூடங்களும் வைத்திருப்பவர். எங்கள் விளம்பரத்தை எங்கோ பார்த்துவிட்டு அவரே தொலைபேசியில் கூப்பிட்டு, "ஏரோப்பிளேன் விக்கிறது நீதானா?" என்று கேட்ட மனுஷி. ரப்பர் செருப்பும், கழுத்தில் சிலுவைச் சங்கிலியும், ஈரமான கைகளுமாக ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் நின்றிருந்தார்.

"வா மா. போட்டோல ஒசரமா இருந்த. நாஷ்டா துன்னியா?"

"இல்லை அக்கா, முதலில் நாம் பேசிவிடலாம்" என்றேன்.

"இன்னா மா, நியூஸ் வாசிக்கிற மாரி பேசுற. மொதல்ல துன்னு. பேச்சு எங்கியும் ஓடிப் போவாது."

பாயாவும் இடியாப்பமும் வந்தன. எங்கள் ஊரில் இந்த நேரத்துக்கு நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைக் காரில் வைத்தே முடித்துவிட்டு வேலைக்குப் போயிருப்போம். இங்கே உட்கார வைத்து, எலும்பை உறிஞ்ச வைத்து, இரண்டாம் முறை ஊற்றிவிட்டுத்தான் விடுகிறார்கள். சாப்பாடு அருமையாக இருந்தது என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அவருக்கு ஜெட் எதற்கு என்பதைச் சாப்பிடும்போதே சொல்லிவிட்டார். "ஜப்பான்காரன் வந்தா ரெண்டு நாள்தான் இருப்பான். நெல்லூரும் பாக்கணும், பீமாவரமும் பாக்கணும், தூத்துக்குடியும் பாக்கணும்ன்றான். கார்ல இட்டுனு போனா நெல்லூர் முடிக்க சொல்லோ அவனுக்குத் தாவு தீந்துடுது. அப்பால வியட்னாம் போய்ட்றான்."

இவ்வளவு தெளிவாகத் தேவையைச் சொன்ன வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை. ஆனால் காகிதத்தைப் பார்த்து வாங்க மாட்டேன், உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார். அதற்காக விமானத்தின் உள்பக்கத்தை மட்டும் அப்படியே செய்த மாதிரிக் கேபின் ஒன்றைக் கன்டெய்னரில் வைத்துக் கப்பலில் அனுப்பியிருந்தோம். சுங்கம் எல்லாம் முடிந்து அது எண்ணூர்ப் பக்கம் ஒரு யார்டில் இருந்தது. அன்று காலையில் டிரெய்லரில் கிளம்பி மதியத்துக்குள் ஐஸ் ஃபேக்டரி வாசலுக்கு வந்துவிட வேண்டும்.

மதியம் வரவில்லை. டிரைவர் மூர்த்தியைக் கூப்பிட்டேன். "வந்துகினே கீறேன் மேடம்" என்றார். ஒரு தேநீர் குடித்துவிட்டுக் கூப்பிட்டேன். வந்துகினே இருந்தார். சாலை முனைக்கும் ஃபேக்டரிக்குமாக நான் நடந்த நடையைப் பார்த்து ஐஸ் உடைக்கும் பெண்கள் எனக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். "பிளேனம்மா, ஒரு எடத்துல குந்தேன், எங்களுக்குக் கண்ணு சுத்துது" என்றார் ஒருவர்.

பொழுது சாய்ந்ததும் பசியில் அத்தோ கடை ஒன்றில் நின்றேன். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாடு. ஆரஞ்சு நிற நூடுல்ஸ், முட்டைக்கோஸ், புளித்தண்ணீர், பொரித்த வெங்காயம், பேஜோ என்னும் மொறுமொறு வடையை நொறுக்கியது எல்லாவற்றையும் கிண்ணத்தில் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். எங்கள் ஊர் நூடுல்ஸான மீ கோரெங் சட்டியிலிருந்து புகையோடு வரும், இது ஆறிப்போய் வருகிறது. இரண்டு தட்டு சாப்பிட்டேன். மூர்த்தி அப்போதும் வந்துகொண்டேதான் இருந்தார்.

மறுநாள் காலை மூர்த்தி உண்மையைச் சொன்னார். "லைன்ல கீறேன் மேடம்."

"என்ன லைன்?"

"ஆர்பர் லைன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று ராயபுரத்தில் கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் ஏறினேன். திருவொற்றியூரில் இறங்க வேண்டும். ஆனால் வாசலில் அலுமினியக் கூடைகளோடு மீன்காரப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் வழி கேட்டேன், அவர்களும் நகர்ந்தார்கள், ஆனால் எல்லாரும் ஒரே பக்கம் நகர்ந்ததில் வழி இன்னும் அடைத்துக்கொண்டது. ரயில் கிளம்பிவிட்டது. "அடுத்ததுல எறங்கிக்கோ மா, அதும் ஊருதான்" என்றார் ஒரு பெண். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஆட்டோக்காரரிடம் எண்ணூர் நெடுஞ்சாலை என்றதும் அவர் வர மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். உள்ளே போனால் வெளியே வர முடியாதாம். நடந்தேன்.

அந்தச் சாலையைப் பார்த்த பிறகுதான் மூர்த்தி சொன்ன லைன் என்னவென்று புரிந்தது. ஒரு பக்கம் கடல் அரிக்காமலிருக்கப் போட்ட பாறைகள், மறுபக்கம் வீடுகள், நடுவில் கண்ணுக்கு எட்டிய தூரம் கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்கள். துறைமுகத்துக்குள் நுழைய வரிசையில் நிற்கின்றன. கிள்ளான் துறைமுகத்திலும் வரிசை உண்டு, ஆனால் அங்கே டிரைவர் இருக்கையை விட்டு இறங்க மாட்டார். இங்கே வண்டிக்கு அடியில் அடுப்பு எரிகிறது, சக்கரத்தில் கட்டிய கயிற்றில் துணி காய்கிறது. இரண்டு டிரைவர்கள் தெலுங்கு கலந்த தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள். நேற்றும் இதே டீக்கடை முன்னால்தான் தூங்கினோம், கடைக்காரன் நம்மிடம் வாடகை கேட்கப் போகிறான் என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னார்.

கன்டெய்னர்மேல் நீல நிறத்தில் எங்கள் கம்பெனி ஒட்டிய படம் தூரத்திலேயே தெரிந்தது. மூர்த்தி டிரெய்லர் நிழலில் சங்கரா மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். நான் கத்துவதற்குத் தயாராகத்தான் போனேன். தட்டில் சோற்றைப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார்.

"காசிமேட்டில் ஐஸ் ஃபேக்டரிக்குப் போக வேண்டிய வண்டி எதற்குத் துறைமுக வரிசையில் நிற்கிறது?" என்றேன்.

அவர் வெட்கப்பட்டார். "இந்த ரோட்ல பொட்டிய ஏத்திகினு ஆர்பருக்குத் தவிர வேற எங்கியும் போனதில்ல மேடம். அந்த முனையில வர சொல்லோ கை தானா திரும்பிச்சி. லைன் பாக்குற ஆளும் பொட்டியப் பாத்துட்டு லெஃப்ட்டு லெஃப்ட்டுன்னு வுட்டுட்டான். நெனப்பு வர சொல்லோ பின்னாடி பத்து வண்டி கட்டிட்டாங்க."

"வெளியே எடுத்துவிடலாமே?"

"இந்த சைடு கல்லு, அந்த சைடு இன்னொரு லைனு. பறந்துதான் போவணும் மேடம்."

சிரிக்கும் நிலையில் நான் இல்லை. வரிசை நகர்ந்து காசிமேடு வரும்போது வண்டியைத் திருப்பிக்கொள்ளலாம் என்றார். எப்போது வரும் என்றால், நாளைக்கு வரலாம், மறுநாளும் ஆகலாம். அந்த மறுநாள்தான் நான் ஊர் திரும்ப வேண்டும். பாறைமேல் உட்கார்ந்து மேலாளருக்கு, வாடிக்கையாளரின் ஆர்வம் அதிகரித்துவருகிறது என்று செய்தி அனுப்பினேன். முழுப் பொய் இல்லை, அதிகரித்திருந்தது என் ஆர்வம், அதுவும் நான் சாப்பிட்ட மீன்மேல்.

ஸ்டெல்லா அக்காவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "அது இங்க வர்லன்னா நாம அங்க போலாம். கரைக்கு வர லேட்டாச்சின்னா நாங்க லாஞ்சுல போய் மீனப் பாக்குறதில்ல? நாளைக்கி பாயும் வரட்டும்."

பாய் என்றால் தண்டையார்பேட்டை காதர் பாய். டிரெய்லர்கள் வைத்திருப்பவர், மூர்த்தியின் முதலாளியும் அவர்தான். தூத்துக்குடி, விசாகப்பட்டினம் துறைமுகங்களிலும் அவருக்கு வண்டி ஓடுகிறது. மூன்றாம் நாள் காலை இரண்டு பேரும் காரைச் சந்தில் விட்டுவிட்டு, டிரெய்லர்களுக்கு நடுவில் பக்கவாட்டில் நடந்து வந்தார்கள். பாய் கையில் பிரியாணிப் பொட்டலம். மூர்த்தி ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தார். பாய் அவரிடம் ஒரு பொட்டலத்தை நீட்டி, "வண்டி எங்க போவுதுன்னு ஸ்டேரிங்க கேட்டுகினு ஓட்டு நைனா" என்றதோடு விட்டுவிட்டார்.

கன்டெய்னர் கதவைத் திறந்து பக்கத்தில் கொக்கி போட்டு மாட்டினோம். ஏணி வைத்து மேலே ஏறி, மின்கலத்தில் விளக்கைப் போட்டேன். வெள்ளைத் தோல் இருக்கைகள், மரப்பலகை மேசை, முட்டை வடிவ ஜன்னல்கள். ஜன்னலுக்கு வெளியே துருப்பிடித்த இரும்புத் தகடு. பங்குனி வெயிலில் உள்ளே வெந்துபோய்க் கிடந்தது. ஸ்டெல்லா அக்கா வாசலிலேயே நின்று புட்டித் தண்ணீரில் இரண்டு கையையும் கழுவிக்கொண்ட பிறகுதான் உட்கார்ந்தார். எனக்கு அவரை அந்த நிமிடம் மிகவும் பிடித்துப்போனது.

"எறா வாசன இதுல ஏறிட்டா போவுமா?" என்று இருக்கையைத் தடவினார்.

"துடைத்தால் போய்விடும் அக்கா."

"ஜப்பான்காரனுக்கு அந்த வாசன புடிக்கும், வுடு."

பாய் பின்பக்கம் போய்த் திரையை விலக்கினார். "இன்னா மா, கக்கூஸுக்குக் கதவு இல்ல? தெரதான் கீது."

எங்கள் கையேட்டில் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன். "இது அவசரத்துக்கு மட்டும்தான் பாய்."

"அவசரத்துக்குப் போறவனுக்குத்தான் மா கதவு வேணும்" என்றார் ஸ்டெல்லா அக்கா. அதைக் குறித்துக்கொண்டேன். எங்கள் பொறியாளர்கள் வருடக்கணக்காக எடையைக் குறைக்கிறோம் என்று சொல்லி அந்தக் கதவைக் கழற்றியிருந்தார்கள்.

அப்போது வரிசை நகர்ந்தது. மூர்த்தி நடக்கும் வேகத்தில் வண்டியை எடுத்தார். விளக்கு மினுங்கியது, மேசை ஆடியது, பின்னால் நின்ற டிரெய்லரின் டிரைவர் கண்ணாடி வழியாக எங்களைப் படம் எடுத்தார். பாய் ஜன்னல் பக்கம் சாய்ந்து உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார். ஜெட்டுக்குள் மாட்டுக்கறி பிரியாணி வாசனை நிறைந்தது. அந்த நிலையில்தான் கேள்விகள் தொடங்கின.

பைலட் எத்தனை பேர் என்றார்கள். ஒருவரே ஓட்டலாம் என்று செய்தவர்கள் சொல்கிறார்கள், ஆனால் இங்கே வாடகைக்கும் விடுவதென்றால் இரண்டு பேர் வேண்டும் என்றேன். பழுது பார்ப்பது எங்கே என்றார்கள். சிங்கப்பூரில் வரப்போகிறது என்றேன். "வரப்போவுதா, வந்துச்சா?" என்றார் பாய். வேறு யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார்கள். அதுவரைக்கும் பொத்தி வைத்திருந்ததை எடுத்துவிட்டேன். "யாரும் இல்லை. இந்த நாட்டுக்கே முதல் விமானம் உங்களுடையதாகத்தான் இருக்கும்."

எங்கள் ஊரில் புதிய கார் வந்தால் முதல் ஆளாக ஓட்டுவதற்கென்றே மேலே பணம் கொடுப்பார்கள். இங்கே இரண்டு முகமும் ஒரே நேரத்தில் வாடிவிட்டன. பாய் எலும்பை ஓரமாக வைத்தார். "மொத ஆளா வாங்குறவன் மத்தவனுக்கெல்லாம் வாத்தியாரு மா. அவன் காசுல ஊரே கத்துக்கும்" என்றார்.

ஸ்டெல்லா அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிளேன் உழுமான்னு நான் கேக்கல. உன் கம்பெனி உழுமா?"

இந்தக் கேள்வியை இத்தனை நாளில் ஒருவரும் என்னிடம் நேராகக் கேட்டதில்லை. குட்டி ஜெட் செய்கிறோம் என்று கிளம்பிய கம்பெனிகள் பல. கொஞ்சம் விமானத்தைச் செய்து கொடுத்துவிட்டு மூடிவிட்டவை உண்டு. அவற்றை வாங்கியவர்களின் விமானங்கள், ஒரு கண்ணாடி உடைந்தால் மாற்றக் கண்ணாடி கிடைக்காமல், துணி போர்த்தி நிற்கின்றன. எங்களுக்குப் பின்னால் பெரிய முதலீட்டாளர்கள் இருக்கிறார்கள் என்று பதில் சொன்னேன். என் காதுக்கே அது வானொலி விளம்பரம் போலக் கேட்டது. ஸ்டெல்லா அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

பிறகு இருவரும் தங்களுக்குள் வேகமாகப் பேசிக்கொண்டார்கள். எனக்குப் பாதிதான் பிடிபட்டது. முடிவில் ஸ்டெல்லா அக்கா என் பக்கம் திரும்பினார். தனியாக வாங்க மாட்டாராம். அவர், பாய், இன்னும் மூன்று மீன்பிடி லாஞ்சு முதலாளிகள் சேர்ந்து ஐந்து பங்காக எடுப்பார்களாம். யாருக்கு எந்த நாள் என்று உட்கார்ந்து பேசிக்கொள்வார்கள். எனக்கு உள்ளுக்குள் மணி அடித்தது. பங்கு போட்டு விமானம் வாங்குவது பெரிய நாடுகளில் வக்கீல்கள் வைத்து நடத்தும் வியாபாரம். இவர்கள் பிரியாணிப் பொட்டலத்தை மடிப்பதற்குள் முடித்துவிட்டார்கள்.

"ஆனா ஒண்ணு. வித்தவனுக்கும் கால் பங்கு" என்றார்.

அது அவர்களுக்குள் இருக்கும் வழக்கமாம். யாராவது புதுசாக ஒரு என்ஜினைக் கொண்டுவந்து லாஞ்சில் மாட்டச் சொன்னால், கொண்டுவந்தவன் அந்த லாஞ்சில் கால் பங்கு, அதாவது ஒருவர் போடும் பங்கில் நாலில் ஒன்று, போட வேண்டும். வருடாவருடம் வரும் மீன்பிடித் தடைக்காலம் வந்து, போய், மறுபடி அடுத்த தடைக்காலம் வரும்வரை அந்தப் பங்கை விற்கக் கூடாது. லாஞ்சு ஓடினால் ஒரு பங்குக்கு வரும் லாபத்தில் கால். கரையில் நின்றால் நஷ்டத்திலும் கால். அதற்கு முன்னால் அந்த என்ஜினைப் பற்றி அவன் பேசும் பேச்சு எதையும் கணக்கில் சேர்ப்பதில்லை.

"உன் கம்பெனிய கேளு. கால் பங்கு போட்டா நாளைக்கே கையெழுத்து" என்றார்.

ஏணியில் இறங்கினேன். பாறைமேல் ஏறி நின்று மேலாளரைக் கூப்பிட்டேன். அலைச் சத்தத்தில் அவர் குரல் விட்டு விட்டு வந்தது. முழுவதும் கேட்டுவிட்டு, இது நடக்காது என்றார். நாம் தயாரிப்பவர்கள், நம் விமானத்தில் நாமே பங்கு எடுத்தால், விற்க முடியாமல் எடுத்துக்கொண்டார்கள் என்று சந்தை பேசும் என்றார். விலையில் தள்ளுபடி கொடுங்கள், பெயர் பொறித்துக் கொடுங்கள், பறக்கும்போது உட்கார்ந்து எடுத்த படம் கொடுங்கள். பங்கு மட்டும் முடியாது.

அவர் சொன்னதில் தப்பு என்ன என்று எனக்குத் தெரியவில்லை. அதே சமயம் யார்மேல் இவ்வளவு கோபம் என்பதும் தெரியவில்லை. வரிசை அதற்குள் நகர்ந்துவிட்டிருந்தது. என் ஜெட் நாலு மின்கம்பம் தள்ளிப் போய் நின்றது.

நான்காம் நாள் மாதிரிக் கேபின் ஐஸ் ஃபேக்டரி வாசலுக்கு வந்து சேர்ந்தது. வர வேண்டிய வேலை முடிந்த பிறகு வந்த அதை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஐந்து பங்குதாரர்களும் ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை என்று நின்றபடியே சொன்னேன். தள்ளுபடியைப் பற்றியும் சொன்னேன். ஒருவரும் தள்ளுபடி எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை.

"செஞ்சவனே பயந்துகினு கீறான்" என்றார் ஒரு லாஞ்சு முதலாளி. கேலியாகக்கூடச் சொல்லவில்லை.

நான் பையை எடுத்துக்கொண்டேன். ஸ்டெல்லா அக்கா, "எங்க மா போற, குந்து" என்றார். "கம்பெனி போடலன்னா போவட்டும். கொண்டாந்தது யாரு? நீதான. உனக்குக் கமிஷன் வரும்ல?"

"வரும்."

"எம்மாம்னு நான் கேக்கல. அத்த அப்பிடியே உள்ள போடு. கால் பங்குக்கு அது பத்தாதுன்னு எங்களுக்கும் தெரியும், பேருக்குக் கால்னு வச்சிக்கலாம். ஓடுச்சின்னா எங்க கூட நீயும் எடு. நின்னுச்சின்னா எங்க கூட நீயும் நில்லு."

பாய் மெதுவாகச் சொன்னார். "இன்னொண்ணும் கீது மா. மாசம் ஒருக்கா எல்லாரும் இங்க குந்தி கணக்கு பாக்கணும். பங்கு போட்டவன் ஆளு அனுப்பக் கூடாது, தானே வரணும்."

ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்தேன். டீ சொல்லிவிட்டுக் குடிக்காமல் துறைமுகச் சுவர்வரை போய்த் திரும்பினேன். கடைக்காரர் ஆறிப்போனதைக் கொட்டிவிட்டு வேறு ஊற்றினார். எங்கள் ஊர் டீயான தே தாரிக்கை இதற்குள் இரண்டு முறை ஆற்றி இரண்டு முறை குடித்திருப்பேன். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. இந்தக் கமிஷனை வாங்கிக்கொண்டு ஓர் இடத்தில் உட்காரத்தானே வந்தேன். இப்போது மாசா மாசம் கிள்ளானிலிருந்து கிளம்பி இங்கே வந்து, இந்த ஐஸ் தண்ணீர் ஓடும் தரையில் நாற்காலி போட்டு, ஒரு விமானத்துக்கு ஏன் உதிரிப்பாகம் வரவில்லை என்று பதில் சொல்ல வேண்டும். அதுவும் வேறு ஆளை அனுப்பாமல்.

விமானம் நல்ல விமானம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கம்பெனி நிற்குமா என்பதில்தான் இருந்தது. அந்தச் சந்தேகத்தை என்னிடமே வைத்துக்கொண்டு இவர்களிடம் கையெழுத்து வாங்கிவிட்டு, அடுத்த விமானத்தைப் பிடித்து ஊருக்குப் போய் உட்கார்ந்துவிடலாம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். டீக்கடைக்காரர் சில்லறை இல்லை, நாளைக்குக் கொடுங்கள் என்றார். நாளைக்கு நான் இருக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தவள், சரி என்றுவிட்டேன்.

உள்ளே போனதும் ஸ்டெல்லா அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். ஆறு பேரும் கையெழுத்துப் போட்டோம். என் கையெழுத்துக்குக் கீழே கால் பங்கு என்று தமிழில் எழுதச் சொன்னார்கள். கை சும்மா இருக்காமல் எழுதிவிட்டது. லாஞ்சு முதலாளி ஒருவர் எல்லாருக்கும் கலர் சோடா வாங்கிவரச் சொன்னார். பயத்தை மறைக்க அதை ஒரே மூச்சில் குடித்தேன். சந்தோஷமும் இருந்தது என்றால் யார் நம்புவார்கள்.

விமான நிலையத்துக்கு வந்து சேர்ந்த பிறகு மேலாளர் கூப்பிட்டார். கையெழுத்தான தாளின் படத்தை அதற்குள் அனுப்பியிருந்தேன். அவர் இவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. விற்றுவிட்டீர்கள், முதல் விமானத்தை விற்றுவிட்டீர்கள், இனி ஆபீஸை மூடும் பேச்சைக் கொஞ்ச நாளைக்காவது தள்ளிப்போடலாம் என்றார். பிறகு தாளைப் பார்த்திருக்க வேண்டும்.

"ஐந்து பேர் முழுப் பங்கு, சரி. கீழே இந்த மொழியில் ஏதோ எழுதி ஒரு கையெழுத்து இருக்கிறதே, இது யார்?"

"அவர் கால் பங்கு" என்றேன்.

"பெரிய ஆளா?"

"இல்லை, நான்தான். ஆபீஸை மூடுவதைக் கொஞ்ச நாளைக்குத் தள்ளிப்போடலாம் என்று சொன்னீர்களே, அதை வாடிக்கையாளர்களிடம் நேரில்தான் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் கணக்குப் பார்க்க நான் காசிமேடு வருவேன், நீங்களும் வாருங்கள்."